குப்பை எரிந்தால் எவ்வளவு டயாக்சின்? வாளியும் தராசும் வைத்து ஒரு கணக்கு

திருநெல்வேலி சங்கரன்கோவில் ரோட்டுப் பக்கம் குடியிருக்கும் கல்லூரித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, ராமையன்பட்டி குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தால் எங்கள் வீடு வரைக்கும் புகை வருகிறது. தெருமுனையிலும் அடிக்கடி ஒரு குவியல் எரிகிறது. ஆனால் ஊரில் எல்லோரும் பயப்படுவது மருத்துவக் கழிவு எரிக்கும் இன்சினரேட்டரைப் பார்த்துத்தான். எதிலிருந்து எவ்வளவு டயாக்சின் காற்றில் கலக்கிறது என்று கருவி இல்லாமல் கணக்குப் போட முடியுமா?"

முடியும் தம்பி. டயாக்சின் என்றால் குளோரின் கலந்த குப்பை எரியும்போது உருவாகும் கொடிய நச்சு. கணக்கு என்று பார்த்தால் ஒரே ஒரு பெருக்கல்தான். வருஷத்துக்கு எத்தனை டன் எரிந்தது என்பதை, ஒரு டன் எரிந்தால் எவ்வளவு வெளிவரும் என்ற காரணியால் பெருக்க வேண்டும். இரண்டாவது எண்ணை நாம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் உலகெங்கும் எடுத்த அளவுகளைத் திரட்டி ஒரு கணக்கீட்டுக் கையேடாகப் போட்டிருக்கிறது, கடைசியாகத் திருத்திய பதிப்பு 2013-ல் வந்தது. எளிதில் அழியாத நச்சுப் பொருட்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் அதை வைத்துத்தான் கணக்குக் கொடுக்கின்றன. இந்தியா 2006 ஜனவரியில் அந்த ஒப்பந்தத்தை ஏற்றது. முதல் எண்தான் சிக்கல். எத்தனை டன் எரிந்தது, எப்படி எரிந்தது என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. புகைபோக்கி அளவெடுக்கும் வேலையில் பல வருஷம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கணக்கு தப்புவதெல்லாம் அங்கேதான்.

முதலில் அலகைத் தெளிவாக்கிக்கொள்வோம். டயாக்சின் என்பது ஒரே பொருளின் பெயர் அல்ல. 75 டயாக்சின்கள், 135 ஃபியூரான்கள், ஆக 210 பேர் கொண்ட குடும்பம். குளோரின் அணுக்கள் 2, 3, 7, 8 என்ற நான்கு இடங்களிலும் உட்கார்ந்திருக்கும் 17 பேர்தான் இந்தக் கணக்கில் வருவார்கள். அவர்களிலும் வீரியம் ஒரே மாதிரி இல்லை. மிகக் கொடியதற்கு 1 என்று மதிப்பெண் கொடுத்து, மற்றவற்றை அதோடு ஒப்பிட்டுக் குறைத்துப் போடுகிறார்கள். எட்டு குளோரின் கொண்ட டயாக்சினுக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் 2005 பட்டியலில் 0.0003. அதாவது அது 1,000 கிராம் இருந்தாலும் கணக்கில் 0.3 கிராம்தான். இப்படிக் கூட்டி வரும் தொகைக்குத்தான் நச்சுச் சமானம், சுருக்கமாக டிஇக்யூ என்று பெயர். கீழே நான் மைக்ரோகிராம் என்று சொல்வதெல்லாம் டிஇக்யூ மைக்ரோகிராம். பத்து லட்சம் மைக்ரோகிராம் சேர்ந்தால் ஒரு கிராம். ஒரு முழு நாட்டின் கணக்கே கிராமில்தான் வரும், அதனால் எண் சின்னதாக இருக்கிறதே என்று அசட்டையாக இருந்துவிட வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். டயாக்சின் குப்பைக்குள் தயாராக உட்கார்ந்திருந்து வெளியே வருவதில்லை. தீயில்தான், அதுவும் பெரும்பாலும் தீ ஆறும்போதுதான் உருவாகிறது. நல்ல சூட்டில், 850 டிகிரிக்கு மேல் போதிய காற்றோடு எரிந்தால் உடைந்துபோகும். அதே புகை ஆறி 200 முதல் 450 டிகிரிக்குள் வரும்போது, அதிலுள்ள கரித்துகளும் குளோரினும் செம்பு மாதிரியான உலோகத்தின் மேல் சேர்ந்து மறுபடி டயாக்சினாகின்றன. ஆக, அரைகுறை எரிப்பு, குளோரின், செம்பு, மெதுவாக ஆறுகிற புகை, இந்த நான்கும் சேரும் இடம் எதுவோ அதைத்தான் தேட வேண்டும்.

அந்த நான்கும் ஒன்றாகச் சேர்வதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் பழைய இரும்புக் கடைகளின் பின்பக்கம் போய் நின்று பாருங்கள். நான் நின்றிருக்கிறேன். ஒரு பையன் பத்துப் பதினைந்து கிலோ பழைய கரண்ட் வயரைச் சுருட்டி, அடியில் தேங்காய்ச் சிரட்டை நாலு போட்டு நெருப்பு வைத்தான். முதலில் கறுத்த புகை. மூக்கில் ஏறி நெஞ்சைப் பிடிக்கிற காட்டம். வயரின் மேலுறையை அவர்கள் ரப்பர் என்பார்கள், அது ரப்பர் இல்லை, பிவிசி என்ற பிளாஸ்டிக். தூய பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின்தான். கொஞ்ச நேரத்தில் தீயின் ஓரத்தில் ஒரு பச்சை வந்தது, மயில் கழுத்துப் பச்சை. செம்பும் குளோரினும் சேர்ந்து எரிகிறதற்கு அந்த நிறம்தான் அடையாளம். டயாக்சினுக்கு வேண்டிய உலோகமும் குளோரினும் ஒரே இடத்தில் இருக்கின்றன என்று தீயே சொல்லிவிடுகிறது. "ஏம்ப்பா, உரிச்சு எடுக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "உரிச்சிக்கிட்டு இருந்தா விடிஞ்சிரும் அண்ணாச்சி, இது அரை மணி நேர வேலை" என்றான். அவன் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நிற்கக்கூட இல்லை. அவனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாது.

இப்போது எண்ணைப் பாருங்கள். திறந்த வெளியில் செம்பு வயர் எரித்தால் டன்னுக்கு 12,000 மைக்ரோகிராம் என்கிறது கையேடு. அவன் எரித்தது பத்து கிலோ என்றே வைத்துக்கொள்வோம். 120 மைக்ரோகிராம். இதை மனதில் வைத்துக்கொண்டு இன்சினரேட்டருக்குப் போவோம்.

மருத்துவக் கழிவு இன்சினரேட்டரைக் கையேடு நான்கு வகையாகப் பிரிக்கிறது. கதவைத் திறந்து மூட்டையைப் போட்டு, கட்டுப்பாடு ஒன்றும் இல்லாமல் எரிக்கிற பெட்டி முதல் வகை: டன்னுக்கு 40,000 மைக்ரோகிராம். எரிப்பு ஓரளவு கட்டுக்குள் இருந்து, புகையைச் சுத்தம் செய்ய பெயருக்கு ஏதோ இருப்பது இரண்டாவது: 3,000. நல்ல வடிகட்டி இருந்தால் மூன்றாவது: 525. இடைவிடாமல் ஓடி, புகையைச் சட்டென்று குளிரவைத்து, எல்லாச் சுத்திகரிப்பும் சரியாக வேலை செய்யும் உயர்ந்த வகை நான்காவது: வெறும் 1. ஒரே குப்பை, ஒரே ஒரு டன். ஆனால் 40,000-க்கும் 1-க்கும் இடையில் எங்கே நிற்கிறது என்பதை இயந்திரமும் அதை ஓட்டுகிற ஆளும்தான் தீர்மானிக்கிறார்கள்.

நாளைக்கு 300 கிலோ, வருஷத்துக்கு 300 நாள் ஓடும் ஒரு ஆலையை எடுத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 90 டன். நான்காவது வகையாக ஓடினால் வருஷம் முழுவதும் 90 மைக்ரோகிராம். அந்தப் பையன் அரை மணி நேரத்தில் எரித்த வயர் இதைத் தாண்டிவிட்டது. அதே ஆலை இரண்டாவது வகையாக ஓடினால் 2,70,000 மைக்ரோகிராம், அதாவது கால் கிராமுக்குச் சற்று மேல். முதல் வகை என்றால் 3.6 கிராம். ஆகவே இன்சினரேட்டர் என்றாலே ஆபத்து என்பதும் சரியில்லை, சட்டப்படி அனுமதி வாங்கியிருக்கிறார்கள், பயமில்லை என்பதும் சரியில்லை. எந்த வகையாக ஓடுகிறது என்பதே கேள்வி.

அதை எப்படித் தெரிந்துகொள்வது? உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-ன்படி இரண்டாவது அறையில் சூடு 1,050 டிகிரி, ஐம்பது கூடலாம் குறையலாம். புகை அதற்குள் குறைந்தது இரண்டு விநாடி நிற்க வேண்டும். குளோரின் கலந்த பிளாஸ்டிக்கை எரிக்கவே கூடாது. வெளிவரும் புகையில் டயாக்சினும் ஃபியூரானும் சேர்ந்து ஒரு கன மீட்டருக்கு 0.1 நானோகிராம் டிஇக்யூவைத் தாண்டக் கூடாது, அதுவும் 11 சதவீத ஆக்சிஜன் கணக்கில். வருஷத்துக்கு ஒரு முறை அளவெடுக்க வேண்டும். அந்த அறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். வாங்கினால் கணக்கு இன்னும் நேரடியாகிவிடும். அறிக்கையில் 0.08 நானோகிராம் என்று இருக்கிறது, மணிக்கு 500 கன மீட்டர் புகை, நாளைக்கு 6 மணி நேரம், 300 நாள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 9 லட்சம் கன மீட்டர், அதை 0.08-ஆல் பெருக்கினால் 72,000 நானோகிராம், அதாவது 72 மைக்ரோகிராம். மேலே காரணி வைத்துப் போட்ட 90-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது பாருங்கள். இப்படி இரண்டு வழியிலும் போட்டு ஒத்துப்பார்ப்பது நல்ல பழக்கம்.

அறிக்கையில் ஆக்சிஜன் சதவீதம் எழுதியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். புகையில் வெளிக்காற்று கலந்துவிட்டால் எண் தானாகக் குறைந்து தெரியும், பாலில் தண்ணீர் சேர்த்த மாதிரி. அதைச் சரிசெய்யத்தான் 11 சதவீதக் கணக்கு. அளந்தபோது ஆக்சிஜன் 16 சதவீதம், டயாக்சின் 0.06 என்றால் பார்க்க வரம்புக்குள் இருப்பது போலத்தான் இருக்கும். ஆனால் 21-லிருந்து 11 போனால் 10, 21-லிருந்து 16 போனால் 5, பத்தை ஐந்தால் வகுத்தால் 2. ஆக உண்மையான எண் 0.12. வரம்பு தாண்டிவிட்டது.

இன்னொன்று, அறிக்கை சொல்வது அளவெடுத்த அந்த நாளை மட்டும். டயாக்சின் மாதிரி எடுப்பது ஐந்து நிமிஷ வேலை இல்லை. புகை போகும் அதே வேகத்தில் உறிஞ்சி, வடிகட்டித் தாளிலும் பிசினிலும் பிடித்து, மணிக்கணக்காக நின்று எடுக்க வேண்டும். அப்புறம் உயர்திறன் நிறைமாலைமானியில் (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) 17 பேரையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய அரசின் நிஸ்ட் (NIIST) ஆய்வகத்தில் அந்த வசதி இருக்கிறது. செலவும் அதிகம், அதனால் வருஷத்துக்கு ஒரு நாளோடு நின்றுவிடுகிறது. ஒரு முறை நான் அளவெடுக்கப் போன இடத்தில், பெயர் வேண்டாம், மற்ற நாட்களில் ஈர மூட்டைகளாகப் போடுகிறவர்கள் அன்றைக்கு மட்டும் காய்ந்த அட்டைப்பெட்டியாகப் பார்த்துப் பார்த்துப் போட்டார்கள். காலையிலிருந்தே அடுப்பைச் சூடேற்றி வைத்திருந்தார்கள். எண் அழகாக வந்தது. கண்டதை அறிக்கையின் குறிப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வருஷம் என்னைக் கூப்பிடவில்லை. தினமும் அணைத்து மறுநாள் பற்றவைக்கும் அடுப்புகளில், சூடேறுகிற நேரமும் ஆறுகிற நேரமும்தான் மோசமானவை. அளவெடுப்பதோ நடுவில், சூடு நிலையாக நிற்கும்போது. ஆகவே அறிக்கை எண்ணை அப்படியே 300 நாளுக்கும் நீட்டினால் கணக்கு குறைவாகத்தான் வரும். நான் நீட்டுவதாக இருந்தால், அறிக்கை எண்ணை அடிமட்டமாகவும், மூன்றாவது வகைக் காரணியை மேல்மட்டமாகவும் வைத்து இரண்டையும் எழுதுவேன்.

சரி, உங்கள் தெருமுனைக் குவியல். இதற்கு வேண்டியது ஒரு டேப், ஒரு 20 லிட்டர் பெயின்ட் வாளி, காய்கறிக்கடைத் தராசு. எரிவதற்கு முன் போய்க் குவியலை அளங்கள். குறுக்கே 6 மீட்டர், உயரம் 1.2 மீட்டர் என்றால், கூம்புக் கணக்கில் சுமார் 11 கன மீட்டர். வாளியில் அமுக்காமல் அள்ளி எடை போடுங்கள். 5 கிலோ வந்தால் கன மீட்டருக்கு 250 கிலோ, ஆக மொத்தம் 2.8 டன். எரிந்தபின் மறுபடி போய், எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். பாதி எரிந்திருந்தால் 1.4 டன். வாளியை ஒரு இடத்தில் மட்டும் நிரப்பாமல் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் நிரப்பி எடை போடுவது முக்கியம். அடியில் மண்ணும் இளநீர்க் கூடும் கிடந்து எடையைக் கூட்டிவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குவியலில் ஊசி கிடக்கும்.

இதில் எந்தக் காரணி? வீட்டுக் குப்பையைத் திறந்த வெளியில் எரித்தால் டன்னுக்கு 40 மைக்ரோகிராம். குப்பைக் கிடங்கு தீக்கு 300. காற்றோட்டத்தில் மேலாக எரிந்து அணைகிற தெருக் குவியலுக்கு 40 போதும், அப்படியானால் 56 மைக்ரோகிராம். அதே 1.4 டன் ராமையன்பட்டியில் அமுங்கிக் கிடந்து, ஈரத்தோடு உள்ளுக்குள்ளேயே நாள் கணக்காகப் புகைந்தால் 420. தெருக் குவியலில் வயர் கிடந்தால் அதைப் பிரித்துத் தனியாக எடை போட்டு வயரின் காரணியில் சேர்க்க வேண்டும். ஐந்து கிலோ வயர் இருந்தாலே 60 மைக்ரோகிராம் கூடும், குவியல் முழுவதையும் விட அது அதிகம். இதனால்தான் குவியலை தூரத்தில் நின்று பார்க்காமல் கிளறிப் பார்க்கச் சொல்கிறேன்.

கிடங்குத் தீக்கு டேப் உதவாது. எத்தனை ஏக்கர் புகைந்தது, எத்தனை அடி ஆழம் வெந்தது என்று பார்க்க வேண்டும். பரப்பைத் தீயணைப்பு நிலையத்தில் கேட்கலாம், செயற்கைக்கோள் படத்திலும் கறுத்த இடம் தெரியும். ஆழம்தான் தகராறு. ஆனி, ஆடியில் மேற்கு மலைக் கணவாய் வழியாக வீசும் காற்று எழும்பினால் மேலே அணைந்தது போல இருக்கும் தீ அடியில் ஊர்ந்துகொண்டே இருக்கும். அதனால் ஒரு ஏக்கர் அரை மீட்டர் ஆழத்துக்கு எரிந்ததாக ஒரு கணக்கு, ஒரு மீட்டருக்கு ஒரு கணக்கு என்று இரண்டு போடுங்கள். ஒரு ஏக்கர் சுமார் 4,047 சதுர மீட்டர். அரை மீட்டர் என்றால் 2,000 கன மீட்டருக்குச் சற்று மேல். கிடங்கில் குப்பை அமுங்கியிருப்பதால் கன மீட்டருக்கு 500 கிலோ என்று வைத்தால் ஆயிரம் டன். அதில் பாதி எரிந்தால் 500 டன், 300-ஆல் பெருக்கினால் 1,50,000 மைக்ரோகிராம், அதாவது 0.15 கிராம். மேலே பார்த்த நான்காவது வகை ஆலை இதை வெளியேற்ற 1,600 வருஷத்துக்கு மேல் ஓட வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார் அறுப்பு முடிந்து வயலில் நெல்தாளை எரித்தால், மருந்து அதிகம் படாத தாளுக்கு டன்னுக்கு 0.5 மைக்ரோகிராம். நூறு டன் எரித்தாலும் 50. நம் பக்கம் வைக்கோல் பெரும்பாலும் மாட்டுக்குத்தான் போகிறது, அது நல்லது. செங்கல் சூளையில் விறகு, உமி மாதிரி சுத்தமான எரிபொருள் போட்டால் ஒரு டன் செங்கலுக்கு 0.02, டயரும் கழிவு எண்ணெயும் போட்டால் 0.2, பத்து மடங்கு. தாழையூத்து மாதிரி சிமென்ட் ஊர்களைப் பற்றியும் கேட்பார்கள். முன்சூடாக்கி உள்ள உலர் சூளையில் வடிகட்டிக்கு வரும் புகை 200 டிகிரிக்குக் கீழே இருந்தால் ஒரு டன் கிளிங்கருக்கு (சிமென்டாக அரைக்கும் முன் சூளையில் வரும் கட்டி) 0.05-தான், ஆனால் டன் கணக்கு லட்சங்களில் இருக்கும். ஆற்றங்கரையில் விறகடுக்கித் தகனம் செய்தால் ஒன்றுக்கு 10 மைக்ரோகிராம் என்று எழுதியிருக்கிறது. இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் ஊர்க் கூட்டத்தில் இதை முதலில் எடுத்துப் பேச வேண்டாம்.

2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கேரளத்திலிருந்து கொண்டுவந்து கொட்டிய மருத்துவக் கழிவு உங்களுக்கு நினைவிருக்கும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டபின் லாரிகளில் திருப்பி ஏற்றிக்கொண்டு போனார்கள். அதை எடுக்காமல் யாராவது அங்கேயே தீவைத்திருந்தால் அதற்கு இன்சினரேட்டர் காரணி எதுவுமே பொருந்தாது, திறந்த வெளித் தீயாகத்தான் எழுத வேண்டியிருக்கும். குளோரின் கலந்த குழாய்களும் பைகளும் அதில் இருக்கும் என்பதால் குப்பைக் காரணியும் குறைவாகத்தான் சொல்லும். இப்படி எந்தக் கட்டத்திலும் அடங்காத தீ வந்தால், எண்ணை எழுதி பக்கத்தில் ஏன் அந்தக் கட்டம் எடுத்தோம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஐந்து வருஷம் கழித்துப் படிப்பவருக்கு அந்த வரிதான் உதவும்.

வருஷத்துக்கு வருஷம் ஒப்பிடும்போது ஒரு பள்ளம் இருக்கிறது. கையேட்டின் 2005 பதிப்பில் கிடங்குத் தீக்கு 1,000, வீட்டுக் குப்பைக்கு 300 என்று இருந்தது. புதிய அளவுகள் வந்தபின் 2013-ல் 300 என்றும் 40 என்றும் குறைத்தார்கள். பழைய அறிக்கையில் பழைய காரணி, புதிய அறிக்கையில் புதிய காரணி என்று போட்டு, டயாக்சின் குறைந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். ஒரு மூட்டை குப்பைகூடக் குறைந்திருக்காது. பழைய வருஷத்தையும் புதிய காரணியில் திருப்பிப் போட்ட பிறகே ஒப்பிட வேண்டும்.

நிஜமாகவே குறைந்த கதையும் உண்டு. அமெரிக்கக் கணக்கில் 1987-ல் நகரக் குப்பை இன்சினரேட்டர்கள் மட்டும் கிட்டத்தட்ட 8,900 கிராம் வெளியேற்றின. சட்டத்தை இறுக்கியபின் 2000-ல் அது 100 கிராமுக்கும் கீழே வந்துவிட்டது. அந்த வருஷம் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது எது தெரியுமா? வீட்டுக் கொல்லையில் பீப்பாயில் போட்டு எரிக்கிற குப்பை, சுமார் 500 கிராம். அந்த நெருப்புக்குப் புகைபோக்கியும் இல்லை, அனுமதியும் இல்லை, அறிக்கையும் இல்லை. நம் ஊரிலும் அதே நெருப்புதான் எண்ணப்படாமல் கிடக்கிறது. திறந்த வெளியில் குப்பை எரிப்பதற்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் நாடு முழுவதும் தடை போட்டு, சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் என்று அபராதமும் சொன்னது. யார், எங்கே, எவ்வளவு என்று கையில் எண் இருந்தால்தான் அந்த உத்தரவை நீட்டிக் கேட்க முடியும்.

காற்றில் போனதோடு கணக்கு முடிவதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல வடிகட்டி உள்ள ஆலையில் டயாக்சின் சாம்பலில் போய்ச் சேர்கிறது, அந்தச் சாம்பல் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். திறந்த தீயில் அது மண்ணிலும் புல்லிலும் படிகிறது. மனித உடம்புக்குள் வருவதில் 90 சதவீதத்துக்கு மேல் சாப்பாட்டு வழியாகத்தான், அதுவும் பால், முட்டை, மீன், இறைச்சி என்று கொழுப்பிலேறி வருகிறது. உங்கள் தெருக் குவியலில் கோழி கிளறுகிறதா, கிடங்கு ஓரத்தில் மாடு மேய்கிறதா என்று நோட்டில் ஒரு பத்தி ஒதுக்குங்கள். எண்ணில் அது வராது, ஆனால் எந்தக் குவியலை முதலில் நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்யும்போது தேவைப்படும்.

காற்று எழும்புவதற்கு முன் வைகாசியில் ஒரு வாரம், ஆடி முடிந்து ஒரு வாரம் என்று இரண்டு சுற்று எடுங்கள். தினமும் சாயங்காலம் ஒரே வழியில் சைக்கிளில் போய், எத்தனை குவியல், என்ன அளவு, பச்சைத் தீ தெரிந்ததா என்று குறித்து வாருங்கள். வாளி எடைகளை அப்படியே எனக்கு அனுப்புங்கள், சராசரி போடாமல். எந்தக் குவியலை எந்த வகையில் சேர்ப்பது என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்துவிடலாம்.